வான்கோவின் படுக்கையறை: மங்கிய நிறமும் மங்காத சொல்லும்

ஒரு மரக்கட்டில், இரண்டு நாற்காலிகள், முகங்கழுவும் பாத்திரங்கள் வைத்த ஒரு சிறு மேசை, சுவரில் தொங்கும் ஒரு துவாலை, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, மூடியும் மூடாமலும் இருக்கும் ஒரு சன்னல். இவ்வளவே அந்த அறையில் உள்ள பொருள்கள். மனிதர் எவரும் அதில் இல்லை; நிகழ்ச்சி எதுவும் அங்கே நடைபெறவில்லை. ஆயினும் இவ்வறையைத் தீட்டிய ஓவியம் இன்று உலகப் புகழ் பெற்ற ஓவியங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. ஆலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோ 1888ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இதனைத் தீட்டினார். 'படுக்கையறை' என்பதே இதன் பெயர்.

அரசர்களின் முடிசூட்டு விழா, போர்க்களம், தெய்வத் திருக்கோலம் ஆகியவையே ஓவியத்திற்கு உரிய பொருள்கள் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஓர் ஏழை தூங்கி எழும் அறையில் தீட்டுவதற்கு என்ன இருக்கின்றது? இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நம் ஆசிரியர்களுக்கும் இலக்கிய அன்பர்களுக்கும் பயன்தரும். பகாங்கு மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றோடும் இக்கேள்விக்குத் தொடர்பு உண்டு. அதனை இறுதியில் காண்போம். முதலில் ஓவியத்தை அறிவோம்.

மஞ்சள் வீடு

வான்கோ 1853ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் பிறந்து, 1890ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் மறைந்தவர். வாழ்ந்தது 37 ஆண்டுகளே. அந்தக் குறுகிய வாழ்நாளில் 24 ஊர்களில் 37 இருப்பிடங்களில் அவர் தங்கியிருந்தார் என்று சிகாகோ ஓவியக்கூடத்தார் கணக்கிட்டுள்ளனர். சராசரி ஆண்டுக்கு ஒரு வீடு! ஓரிடத்தில் வேரூன்றி வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

1888ஆம் ஆண்டு அவர் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள ஆர்ல் என்னும் ஊருக்கு வந்தார். அங்கே மே மாதத் தொடக்கத்தில், வெளிச்சுவர் மஞ்சள் பூசிய ஒரு வீட்டின் பகுதியை மாதம் 15 பிராங்கு வாடகைக்கு எடுத்தார். இதுவே பின்னாளில் 'மஞ்சள் வீடு' எனப் பெயர் பெற்றது. வாடகையும் வண்ணமும் உணவும் தம்பி தியோ அனுப்பிய பணத்தால் நடந்தன. செப்டம்பரில் கட்டில், நாற்காலி முதலியன வாங்கிய பின்னரே அவ்வீட்டில் தூங்கத் தொடங்கினார். இரண்டு கட்டில்கள் வாங்கினார். ஒன்று தமக்கு, மற்றொன்று விருந்தினருக்கு. விருந்தினர் அறையைப் பால் கோகன் என்னும் ஓவியருக்காக அணி செய்து வைத்துக் காத்திருந்தார். ஓவியர் பலர் கூடி வாழும் இல்லமாக அதனை ஆக்கவேண்டும் என்பது அவர் கண்ட கனவு.

இந்தக் காத்திருப்பின் நாள்களிலேதான் படுக்கையறை ஓவியம் பிறந்தது. இடைவிடாத உழைப்பால் கண்கள் சோர்ந்து, உடல் நலிந்து, ஓய்வு கொள்ள நேர்ந்தது. அப்போது தம் அறையையே எடுத்துத் தீட்டினார். அக்டோபர் 16ஆம் நாள் தம்பி தியோவுக்கும், மறுநாள் கோகனுக்கும் எழுதிய மடல்களில் இவ்வோவியத்தைப் பற்றி விரிவாகக் குறிப்பிடுகின்றார். அக்டோபர் 23ஆம் நாள் கோகன் வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துவரவில்லை. டிசம்பர் 23ஆம் நாள் இரவு வான்கோ மனநிலை குலைந்து தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டார். கனவு இரண்டு திங்களில் கலைந்தது. ஆயின், மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்து தம் படைப்புகளை மீண்டும் பார்த்தபோது, அவற்றுள் சிறந்ததாக அவருக்குத் தோன்றியது இந்தப் படுக்கையறை ஓவியமே. 1889 சனவரியில் தம்பிக்கு எழுதிய மடலில் இதனை அவரே தெரிவித்துள்ளார்.

ஓவியத்தைப் பார்க்கும் முறை

முதலில் பொருள்களை எண்ணுவோம். வலப்புறம் பெரிய கட்டில். அதன்மேல் இரண்டு தலையணைகள், செந்நிறப் போர்வை. கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் சட்டைகளும் ஒரு தொப்பியும் தொங்குகின்றன. எதிர்ச்சுவரில் சன்னல்; அதன் அருகே கண்ணாடி. மூலையில் சிறு மேசை. இடப்புறக் கதவு கோகனுக்காக ஒதுக்கிய அறைக்குச் செல்வது. வலப்புறக் கதவு மாடிப்படிக்குச் செல்வது. கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு உருவப்படங்கள். ஒருவர் பெல்சிய நாட்டு ஓவியர் யூசேன் போக். மற்றவர் படைவீரர் மில்லியே. இருவரும் வான்கோவின் நண்பர்கள். ஆளில்லாத அறை என்றோம். ஆனால் நண்பர்கள் சுவரில் இருக்கின்றார்கள். ஒருவர் தூங்கும் அறையில் இரண்டு நாற்காலிகள் இருப்பதும் கருதத்தக்கது.

அடுத்து, நிழலைத் தேடிப் பாருங்கள். கட்டிலின் கால் தரையில் விழுத்தும் நிழல் இல்லை. நாற்காலிக்கும் நிழல் இல்லை. ஒவ்வொரு பொருளும் ஒரே சீரான வண்ணப் பரப்பாக, தடித்த விளிம்புக் கோட்டுடன் நிற்கின்றது. இது சப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்து வான்கோ கற்ற முறை. நிழலை வேண்டுமென்றே விலக்கினார் என்பதை அவர் மடலே கூறுகின்றது.

தரை மேல்நோக்கிச் சாய்வதுபோலவும், சுவர்கள் நேர்கோணத்தில் கூடாததுபோலவும் தோன்றுவதைக் கண்டு, இவருக்கு அளவுமுறை தெரியவில்லை என்று கூறுவோர் உண்டு. இரண்டு செய்திகளை அவர்கள் அறிதல் வேண்டும். அவ்வீடு தெருவின் கோணலுக்கு ஏற்பக் கட்டப்பட்டதால், அந்த அறையின் முன்சுவர் உண்மையிலேயே கோணலானது. அத்துடன், ஆழம் காட்டும் முறையை அவர் தாமே தளர்த்தி, அறையைத் தட்டையாக்கிக் காட்ட விரும்பினார். கண்முன் தெரிவதை அப்படியே பெயர்க்காமல், வண்ணத்தாலும் வடிவத்தாலும் உள்ளத்து உணர்வை வெளியிடும் இப்போக்கு, இம்ப்ரெசனிசம் என்னும் ஓவிய இயக்கத்தைத் தொடர்ந்து எழுந்தது. 1910இல் இலண்டனில் ராசர் பிரை என்னும் திறனாய்வாளர் நடத்திய கண்காட்சிக்குப் பின்னர், இவ்வோவியர்களைப் 'பிந்திய இம்ப்ரெசனிசத்தார்' என்று குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

நிறங்களின் இணை

இந்த ஓவியத்தின் உயிர் அதன் நிறத்தில் உள்ளது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் ஓவியர்க்கு முதல் நிறங்கள். இவற்றுள் இரண்டைக் கலந்தால் வரும் நிறம், எஞ்சிய மூன்றாவதற்கு எதிர் இணையாகும். சிவப்பும் நீலமும் கலந்த ஊதா, மஞ்சளுக்கு இணை. மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை, சிவப்புக்கு இணை. சிவப்பும் மஞ்சளும் கலந்த செம்மஞ்சள், நீலத்துக்கு இணை. இணையான இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்றையொன்று எடுப்பாகக் காட்டும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும்.

இது நமக்குப் புதியது அன்று. மாம்பழ மஞ்சள் உடலுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கரை வைப்பதும், கிளிப்பச்சைச் சேலைக்கு அரக்குச் சிவப்பில் முந்தானை வைப்பதும் நம் நெசவாளர் நன்கறிந்த கலையே. அவர்கள் தறியில் செய்ததை வான்கோ திரைச்சீலையில் செய்தார்.

மடலில் அவர் தரும் நிறப்பட்டியல் இது: சுவர் வெளிறிய ஊதா, தரை செந்நிற ஓடு, கட்டிலும் நாற்காலியும் புது வெண்ணெயின் மஞ்சள், தலையணையும் விரிப்பும் எலுமிச்சையின் இளம்பச்சை, போர்வை குருதிச் சிவப்பு, சன்னல் பச்சை, மேசை செம்மஞ்சள், கழுவு பாத்திரம் நீலம், கதவுகள் இளஊதா. கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடியின் வெண்மையையும் சேர்த்துக் கொள்க. மஞ்சள் கட்டிலுக்கு ஊதாச் சுவர், சிவப்புப் போர்வைக்குப் பச்சைச் சன்னல், செம்மஞ்சள் மேசைக்கு நீலப் பாத்திரம், கறுப்புச் சட்டத்துக்கு வெள்ளைக் கண்ணாடி என நான்கு இணைகளும் இங்கே கணக்காக அமைந்துள்ளன. இவ்வளவு நிறங்களையும் அவர் கூட்டியது ஆரவாரத்திற்காக அன்று. பார்ப்பவரின் மனம் ஓய்வு பெறவேண்டும், அதிலும் கற்பனை ஓய்வு பெறவேண்டும் என்பதே தம் நோக்கம் என்று அவர் எழுதியுள்ளார்.

சுவர் நீலமானது எப்படி?

இனி, ஓவியத்தை இன்று காண்போருக்கு ஓர் ஐயம் எழும். சுவர் ஊதா நிறத்தில் இல்லை; நீலமாக இருக்கின்றது! கதவும் நீலமே. நாம் நூல்களிலும் நாட்காட்டிகளிலும் காணும் படங்கள் எல்லாம் நீலச் சுவரையே காட்டுகின்றன. வான்கோ மறதியால் தவறாக எழுதினாரா?

இல்லை. சுவர்தான் நிறம் மாறிவிட்டது. வான்கோவின் காலத்தில் விற்ற செந்நிறச் சாயங்கள் சில, கண்ணைக் கவரும் ஒளி உடையவை. ஆயினும் நிலைத்து நில்லாதவை. ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் போன்ற சாயங்கள் வெளிச்சம் படப்பட மங்கி மறையும். ஊதா என்பது சிவப்பும் நீலமும் கூடியது அன்றோ? சிவப்பு பறந்தோடியது, நீலம் தனித்து நின்றது. ஆம்ஸ்டர்டாம், சிகாகோ ஓவியக்கூடங்களின் ஆய்வாளர்கள் வண்ணத்துகள்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தனர். வெளிச்சம் பட்ட மேற்புறம் நீலமாக இருக்க, வெளிச்சம் படாத அடிப்புறத்தில் ஊதா நிறம் இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டனர். 1888இல் எழுதிய மடலின் சொல் மெய் என்பதை நம் காலத்து அறிவியல் உறுதிப்படுத்தியது.

இது சிறு செய்தி போலத் தோன்றலாம், விளைவு பெரிது. ஊதா போனதும் மஞ்சள் கட்டில் தன் இணையை இழந்தது. நான்கு இணைகளுள் முதன்மையானது முறிந்தது. குளிர்ந்த நீலத்தின் நடுவே கட்டில் தனித்து நிற்பதுபோல் ஆயிற்று. அதைக் கண்டவர்கள், 'இந்த நீலம் ஓவியரின் தனிமையைக் காட்டுகின்றது. இது அவர் மனநோயின் அடையாளம்' என்று உரை வகுக்கத் தொடங்கினர். காலம் செய்த மாற்றத்தை ஓவியர் உள்ளத்தின் மேல் ஏற்றியுரைத்தனர். ஓவியத்தைக் கண்டு ஒருவர் துயருறலாம்; அது காண்பவர் உரிமை. ஆனால் ஓவியர் தீட்டியது என்ன என்று அறிந்த பின்னரே, அவர் கருதியது என்ன என்று பேசுதல் முறையாகும்.

மூன்று படிகளும் பாடவேறுபாடும்

படுக்கையறை ஓவியம் ஒன்றன்று, மூன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். வான்கோ மருத்துவமனையில் இருந்தபோது, பூட்டிக் கிடந்த வீட்டில் வெள்ளத்தின் ஈரம் புகுந்தது. முதல் ஓவியம் சேதமுற்றது. அதனைச் செப்பனிடும் முன் ஒரு படி எடுத்து வைத்தல் நலம் என்று தியோ கருதினார். அவ்வாறே 1889 செப்டம்பரில், செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபடி வான்கோ அதே அளவில் இரண்டாவது ஓவியத்தைத் தீட்டினார். தாய்க்கும் தங்கைக்கும் தருவதற்காகச் சிறிய அளவில் மூன்றாவதையும் தீட்டினார். தமக்கென ஒரு வீடு அமைந்த நாளில் தீட்டியது முதலாவது. அந்த வீட்டை இழந்து, கம்பியிட்ட சன்னலுக்குள் இருந்து தீட்டியவை பின்னைய இரண்டும். அவற்றில் சுவரில் தொங்கும் உருவப்படங்கள் மாறிவிட்டன. நண்பர்களின் இடத்தில் தம் உருவத்தையும் ஒரு பெண்ணின் உருவத்தையும் வைத்தார்.

முதலாவது இன்று ஆம்ஸ்டர்டாமில் 1973இல் திறக்கப்பெற்ற வான்கோ அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாவது 1926 முதல் சிகாகோ ஓவியக்கூடத்தில் உள்ளது. மூன்றாவது சப்பானியச் செல்வர் மட்சுகட்டாவின் தொகுப்பில் இருந்து, இரண்டாம் உலகப் போரில் பிரான்சு அரசின் கைக்குச் சென்று, 1959 முதல் அந்நாட்டு உடைமையாகி, இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. 2016ஆம் ஆண்டு மூன்றையும் சிகாகோவில் ஒருசேர வைத்துக் காட்டினர்.

தமிழ் அறிந்தார்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். ஒரு நூலுக்கு மூன்று ஏட்டுப்படிகள் கிடைத்தால் நாம் என்ன செய்கின்றோம்? ஒப்புநோக்குகின்றோம், பாடவேறுபாடு குறிக்கின்றோம், செல்லரித்த இடத்தை உரையைக் கொண்டு உணர்கின்றோம். வான்கோ ஆர்லில் தூரிகை பிடித்த அதே காலத்தில், டாக்டர் உ. வே. சாமிநாதையர் இப்பணியையே தமிழகத்தில் செய்துகொண்டிருந்தார். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார்; பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் பதிப்பித்தார். ஓவியத்தின் மூன்று படிகள் மூன்று ஏடுகள்; வான்கோவின் மடல்களே அதற்கு அமைந்த உரை. உரை கிடைக்காமற் போயிருந்தால் ஊதாச் சுவரைத் தேடும் எண்ணமே எவருக்கும் தோன்றியிராது.

அந்த மடல்கள் நமக்குக் கிடைத்த வரலாறும் கருதத்தக்கது. வான்கோ மறைந்த ஆறு மாதங்களில், 1891 சனவரியில், தம்பி தியோவும் மறைந்தார். தியோவின் மனைவி யோகன்னா கைக்குழந்தையோடு நின்றார். அவர் அந்த மடல்களைக் குப்பையென்று தள்ளவில்லை. காத்து, தொகுத்து, 1914இல் நூலாக்கினார். ஓவியத்தில் மங்கிய ஊதா, ஒரு பெண்மணி காத்த காகிதத்தில் மங்காமல் நின்றது.

நெடுநல்வாடையின் பள்ளியறை

படுக்கையறையைப் பாடுபொருளாக்குவது தமிழுக்கும் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் பள்ளியறையை நமக்குக் காட்டுகின்றார். வெண்சாந்து பூசிய சுவர், செம்பில் செய்ததுபோன்ற உறுதி, சுவரில் எழுதிய பூங்கொடி, நாற்பது ஆண்டு நிரம்பிய போர்யானையின் கொம்பால் அழகுபெற்ற கட்டில், அன்னத்தின் மெல்லிய தூவி பரப்பிய மெத்தை என்று ஒவ்வொன்றாக எண்ணி உரைக்கின்றார். மேற்கட்டியில் திங்களும் உரோகிணியும் ஓவியமாக எழுதப்பெற்றுள்ளன.

ஆனால் அக்கட்டிலில் அரசிக்குத் தூக்கம் இல்லை. கணவன் பாசறையில் இருக்கின்றான். திங்களைப் பிரியாத உரோகிணியின் ஓவியத்தைக் கண்டு அவள் பெருமூச்செறிகின்றாள். பாசறையில் அரசனும் உறங்கவில்லை. வாடை வீசும் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறித் திரிகின்றான். யானைக்கொம்புக் கட்டிலில் ஓய்வு இல்லை. வான்கோவோ, மலிவான மரக்கட்டிலைத் தீட்டி அதில் முழு ஓய்வைக் காட்ட முயன்றார். இரண்டு அறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அறையின் செல்வத்திற்கும் உள்ளத்தின் அமைதிக்கும் உள்ள தொலைவு விளங்கும்.

பாண்டியன் அரண்மனையின் சுவர் இன்று இல்லை. மேற்கட்டியின் ஓவியமும் இல்லை. சொல் இருக்கின்றது. மஞ்சள் வீடும் இன்று இல்லை. 1944 சூன் திங்களில் விழுந்த குண்டுகளால் சிதைந்து, பின்னர் இடிக்கப்பட்டது. அதன் ஓர் அறையை ஓவியமும் மடலும் சேர்ந்து காத்தன.

கேமரன் மலையின் அறைகள்

இப்போது நம் நாட்டிற்கு வருவோம். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலைநிலம், அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1929ஆம் ஆண்டு சே. ஏ. ரசல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு தோட்டங்களும் எழுந்தன. காடு வெட்டியும், செடி நட்டும், கொழுந்து எடுத்தும் அம்மலையைப் பசுமையாக்கிய உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இலேயே ஒழிந்துவிட்டது. கங்காணி முறை நடந்த காலம் அது. 1938இல் இந்திய அரசு அம்முறையில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களும், சமவெளி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலையேறியவர்களும் அங்கேயே குடும்பமாயினர். தோட்டங்களிலும் ரிங்லெட், தானா ராத்தா முதலிய ஊர்களிலும் தமிழ்ப்பள்ளிகள் அமைந்தன.

இன்று அம்மலைக்குச் செல்வோர் எண்ணற்ற படங்கள் எடுக்கின்றனர். எல்லாப் படங்களிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவு காணப்படும், பனிமூட்டம் காணப்படும். அச்சரிவில் நாளெல்லாம் நின்றவர்கள் மாலையில் திரும்பிச் சென்ற அறை காணப்படாது. வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு. அதன் முன்னே ஓர் அஞ்சடி. உள்ளே ஓர் அறையும் அடுப்படியும். கொடியில் தொங்கும் துணி, மூலையில் டிரங்குப் பெட்டி, சுவரில் சாமி படம், ஊரிலிருந்து வந்த மடல்களைச் செருகி வைத்த கம்பி, இரவுக் குளிர் பாகைமானியில் 15ஐ ஒட்டி இறங்கும் மலையில் உயிர்காத்த கம்பளி. இதுவும் உழைத்துச் சோர்ந்த மனிதர் தலைசாய்த்த படுக்கையறையே.

அந்த அறைகளைப் போற்றிப் பாடவேண்டும் என்று நாம் கூறவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு நெருக்கடியானது என்பது நாடறிந்த உண்மை. வீட்டு வசதியின் குறைந்த அளவைக் கட்டாயமாக்க 1966இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 1990இல் மற்றொரு சட்டமும் இயற்ற நேர்ந்ததே அதற்குச் சான்று. வான்கோவின் ஓவியத்தைக் கொண்டு, வறுமையிலும் அழகு உண்டு என்று ஆறுதல் பேசுவது தொழிலாளர்க்குச் செய்யும் நன்மை ஆகாது. தம் அறையைத் தாமே தேர்ந்து, தமக்குப் பிடித்த கட்டிலைத் தாமே வாங்கியவர் வான்கோ. லயத்தின் அறையைத் தேர்ந்தவர் அதில் குடியிருந்தவர் அல்லர். இந்த வேறுபாட்டை மறைத்தல் கூடாது.

ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அறை எவருடையது ஆயினும், அதில் வாழ்ந்தவர் தம் கையால் அதனைத் தம்முடையதாக்குகின்றார். சுவருக்கு எந்த நிறம் பூசினார், எந்தப் படத்தை மாட்டினார், விருந்தினருக்கு எந்தப் பாயை ஒதுக்கினார் என்பனவற்றில் அவர் உள்ளம் இருக்கின்றது. இவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலர். பழைய லயங்கள் பல இடங்களில் மறைந்து வருகின்றன. தேயிலைத் தோட்டங்களில் இன்று வெளிநாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர்; தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணம் சேர்ந்துவிட்டன. வீடுகளில் எஞ்சியுள்ள பழைய நிழற்படங்களோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. மலையின் ஈரம் அவற்றையும் விட்டுவைப்பதில்லை. அச்சுவரின் நிறம் இன்று முதியோர் நினைவில் மட்டும் உள்ளது. அந்த நினைவும் நெடுநாள் நில்லாது.

வகுப்பறையில் செய்யக்கூடியது

ஆசிரியர்கள் இவ்வோவியத்தின் அச்சுப்படம் ஒன்றை வகுப்பில் மாட்டி வைக்கலாம். முதற்கண், கண்டதை மட்டும் எழுதச் செய்க: எத்தனை நாற்காலி, எத்தனை கதவு, எந்த நிறம், நிழல் உண்டா, இல்லையா? 'சோகமான அறை' என்றோ 'அழகான அறை' என்றோ முதலில் எழுதவேண்டா. கண்டதைச் சொல்லப் பழகிய பிள்ளையே கருதியதைச் சொல்லத் தகுதி பெறும். பின்னர் ஊதாச் சுவரின் கதையைக் கூறுக. ஒரு நிறம் மாறினால் பொருள் எவ்வாறு மாறுகின்றது என்பதை மாணவர் தாமே கூறுவர்.

அதன்பின் மாணவர் தம் வீட்டுப் பெரியோரிடம் சென்று கேட்கட்டும். 'பாட்டி, நீங்கள் இளவயதில் தூங்கிய அறையில் என்ன இருந்தது? சுவர் என்ன நிறம்? சன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? யாருடைய படம் மாட்டியிருந்தீர்கள்?' பெரிய கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்கும் முதியவர்கூட இக்கேள்விகளுக்குத் தயங்கமாட்டார். கேட்டதைக் கேட்டவாறே, பாட்டியின் சொற்களிலேயே, மாணவர் எழுதட்டும். நாளும் ஊரும் தோட்டத்தின் பெயரும் குறித்து வைக்கட்டும். மேல்வகுப்பினர் அதனை நெடுநல்வாடையின் பள்ளியறையோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரையலாம். அரசியின் அறைக்கு இலக்கியத்தில் இடம் உண்டு. கொழுந்தெடுத்த பாட்டியின் அறைக்கும் உண்டு என்னும் எண்ணம் அப்போது பிள்ளையின் உள்ளத்தில் பதியும்.

வண்ணம் வெளிச்சத்தில் மங்கும். திரைச்சீலை ஈரத்தில் அழுகும். வீடு குண்டு விழுந்தோ கடப்பாரை பட்டோ இடியும். 'வெளிறிய ஊதா' என்று ஒருவர் எழுதிவைத்த இரண்டு சொற்கள், நூறு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஓவியத்தின் உண்மையை மீட்டுத் தந்தன. அத்தகைய சொற்களைச் சேர்த்து வைக்கும் பணி, பெரும்பொருளும் பெருங்கூடமும் வேண்டாத பணி. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும். நினைவுடையோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் தொடங்குதல் தமிழாசிரியர் கடனாகும்.